விட்டுக்கொடுத்த பந்து

அன்று மதியம் எங்கள் வீட்டில் சீர்ச் சாமான்கள் வைக்கும் பெட்டக அறைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். மெய்யநாதனாகிய நான், என் மகள் அக்ஷரா, கல்லலில் இருந்து மாப்பிள்ளையின் பெரியப்பாவும் அந்த வீட்டுப் பெரியவருமாக வந்திருந்த பெத்தாச்சி, காலமாகிவிட்ட அவர் தம்பியின் மனைவி தேனம்மை ஆச்சி, அந்த ஆச்சியின் மகனும் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையுமான கார்த்திக். அறைக்கு வெளியே, வீட்டுக்குள் இருந்தவர்கள் இருவர். ஒருத்தி என் மனைவி உமையாள். மற்றவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் இருளாண்டி. இவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை.

அக்ஷராவுக்கு இருபத்தெட்டு வயது நடந்தது. காரைக்குடியிலேயே ஒரு கல்லூரியில் கணக்குச் சொல்லித் தருகிறாள். எனக்கு வயது கடந்து பிறந்த, என்னை அப்பச்சி என்று கூப்பிடும் ஒரே பிள்ளை. வந்த வரன்களை எல்லாம் ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிக்கழித்தவள், கல்லல் ஜாதகம் வந்தபோது மட்டும் "வரட்டும்" என்றாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் எல்லா ஏற்பாடும் செய்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். இந்தக் கல்யாணம் முடிய வேண்டும். அதுவும் முறையாக முடிய வேண்டும்.

முறை என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் என் பங்காளி சொக்கலிங்கத்தின் மகள், தானே ஒரு பையனைப் பேசி வைத்துக்கொண்டு வந்து வீட்டில் சொன்னாள். பையனும் நம்மவன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பங்காளிகள் எல்லாரும் கூடியிருந்த இடத்தில் நான் எழுந்து, "பிள்ளைகள் பேசி முடித்துவிட்டு, பெரியவர்களைத் தாம்பாளம் தூக்க மட்டும் கூப்பிடுகிற கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன்" என்று சொன்னேன். சொன்னபடியே போகவும் இல்லை. அன்று அந்தக் கூட்டத்தில் விருந்தாளியாகப் பெத்தாச்சியும் உட்கார்ந்திருந்தார்.

பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பெட்டக அறையைத் திறந்து காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். சீர் வேண்டாம் என்று சொல்லி வருகிறவர்களுக்கும் காட்டுவோம். வீடு இன்னும் நிமிர்ந்துதான் நிற்கிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும். வீட்டின் இரண்டாம் கட்டில் உள்ள அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. கூரையை ஒட்டி, கம்பி போட்ட ஒரு காற்றுத் துவாரம் மட்டும் உண்டு. சுவர் நெடுக வெண்கலமும் பித்தளையும் பீங்கானும் வெள்ளியும் அடுக்கியிருக்கும். உள்ளே போனதும் கதவைத் தாழிட்டுக்கொள்ள வேண்டும்; வேலையாட்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காக வைத்த விதி. மூடிய கதவை வெளியில் இருப்பவர் தட்டக்கூடாது என்பது இன்னொரு விதி. செல்போன் வந்த பிறகு நானே ஒன்றைச் சேர்த்தேன். யாராக இருந்தாலும் போனை வாசலில் உள்ள தாம்பாளத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வீட்டுச் சாமானைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிற காலம் இது.

"சாமானையும் பாக்கட்டும், என்னையும் பாக்கட்டும். எது நல்லா மின்னுதுன்னு அவுகளே சொல்லட்டும்" என்று அக்ஷரா காலையிலேயே முணுமுணுத்தாள். பாத்திரங்களை எடுத்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும் என்று நான்தான் அவளையும் உள்ளே வரச் சொன்னேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாள். எல்லாரும் தாம்பாளத்தில் போன்களை வைத்தார்கள். நான் கதவை மூடி, அடியில் இருக்கும் இரும்புத் தாழை வளையத்தைப் பிடித்துத் தரைக்குழிக்குள் இறக்கினேன். அது வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெத்தாச்சி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாராட்டவில்லை. பாராட்டினால் தன் வீட்டில் இல்லை என்று ஆகிவிடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தேனம்மை ஆச்சி மட்டும், "இம்புட்டையும் புளி போட்டு வெளக்குறது யாரு, உமையா அண்ணியா? பாவம்" என்றார். கார்த்திக் பாத்திரங்களையும் பார்க்கவில்லை, அக்ஷராவையும் பார்க்கவில்லை. அடக்கமான பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

பார்த்து முடித்து வெளியே வரத் தாழைத் தூக்கினேன். வளையம் மட்டும் என் கையோடு வந்தது. துருவேறிய கழுத்தில் ஒடிந்திருந்தது. தாழ் குழிக்குள் ஆழமாக இறங்கிக் கிடந்தது. பிடிக்க நுனி இல்லை. ஈரத்தில் ஊறிய தேக்குக் கதவு நிலையோடு இறுகியிருந்தது.

"என்னண்ணே, கதவும் சீர்ல சேத்தியா? கையோட எடுத்துட்டீக?" என்றார் பெத்தாச்சி.

கார்த்திக் ஒரு பித்தளைக் கரண்டியை இடுக்கில் கொடுத்து நெம்பிப் பார்த்தான். கரண்டி வளைந்தது.

"அந்தா இருக்கே வெள்ளிக் கரண்டி, அது காம்பு கெட்டியா இருக்கும். அதக் குடுங்க" என்றார் பெத்தாச்சி.

"அது முடியாது" என்றேன்.

"மூச்சு முட்டிச் செத்தாலும் வெள்ளிய எடுக்கப்படாதாக்கும்."

"காத்துத் துவாரம் இருக்கு. சாக மாட்டோம்."

கதவைத் தட்டினோம். கதவின் கனத்தில் சத்தம் வெளியே போகவில்லை. முற்றத்துத் தகரத்தில் மழை இரைந்துகொண்டிருந்தது. பிறகு அக்ஷரா ஒரு வெண்கலப் பானையை இறக்கி, கரண்டியால் ஓங்கி அடித்தாள். மணி அடித்தது போல அறை அதிர்ந்தது. அடித்துக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. அந்தச் சத்தம் அடுப்படி வரை நன்றாகவே கேட்டதாம். "சுத்த வெண்கலம்னு தட்டிக் காமிக்கிறாக. ரொம்பத்தான் பெருமை பேசுறாகபோல" என்று சொல்லிவிட்டு உமையாள் பணியாரம் ஊற்றப் போய்விட்டாள். இருளாண்டியும் கேட்டிருக்கிறார். மூடிய கதவைத் தட்டக்கூடாது என்பது அவருக்கு நான் போட்ட உத்தரவு. இது எல்லாம் பிறகு தெரிந்தது. உள்ளே இருந்த எங்களுக்கு, ஊரே எங்களைக் கைவிட்டது போலத்தான் இருந்தது.

காற்றுத் துவாரத்தின் வழியே மழைச் சாரலும் கொஞ்சம் வெளிச்சமும் வந்தன. வேட்டி உடம்போடு ஒட்டியது. அந்துருண்டை வாசனை தொண்டையைப் பிடித்தது.

"இத்தன குடம் இருக்கு. ஒண்ணுலயாச்சும் ஒரு வாய்த் தண்ணி இருக்கா?" என்று கேட்டபடி தேனம்மை ஆச்சி ஒரு பலகையில் உட்கார்ந்தார். "கார்த்தி, அத எடுடா. இனிமே மறைச்சு என்ன ஆகப்போவுது?"

கார்த்திக் தயங்கி, சட்டைப்பையில் இருந்து ஒரு போனை எடுத்தான்.

"எல்லாப் போனையும் வெளிய வைக்கச் சொன்னேனே தம்பி."

"என் போன வச்சுட்டேன் மாமா. இதுல சிம் கிடையாது. பேச முடியாது. வேலைக்கு வச்சிருக்கது. ஆட்டம் ஓட்டிப் பாக்குறதுக்கு."

"என்ன ஆட்டம்?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா கூரையைப் பார்த்தார். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அந்தக் கம்பெனி செய்வது போனில் ஆடுகிற விளையாட்டுகள் என்பதும், காசு போட்டு ஆடும் பழைய காலத்துப் பெட்டி ஆட்டங்களையும் டென்னிஸ், கிரிக்கெட் போன்றவற்றையும் விரல் நுனியில் ஆடும்படி இவன் செய்து தருகிறான் என்பதும் அந்த அறைக்குள்தான் எனக்குத் தெரிந்தது.

"வெளையாட்டுச் சாமான் செய்யுற வேலைன்னு சொல்லியிருந்தா நான் இங்க வந்து நின்டிருப்பேனா? எனக்கே இப்பத்தேன் தெரியும்ணே" என்றார் பெத்தாச்சி. அவர் முகத்தில் பொய் இல்லை.

சாதாரண நாளாக இருந்திருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். நம்மவர் வீடுகளில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதில்லை. காப்பி கொடுப்போம், "கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்போம், வாசல் வரை போய் வழியனுப்புவோம். பத்து நாள் கழித்து மூன்றாவது மனிதர் ஒருவர் போய் ஏதோ ஒரு சாக்குச் சொல்லுவார். இரண்டு வீட்டுக்கும் தலைக்குனிவு இல்லை. அதற்கு வேண்டியது ஒரு வாசலும் கொஞ்சம் தூரமும். அன்று இரண்டுமே எங்களிடம் இல்லை.

தேனம்மை ஆச்சி அந்தச் சங்கடம் எதையும் கண்டுகொள்ளாமல் போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஆடத் தொடங்கினார். மேலே வரிசையாகச் செங்கல். கீழே ஒரு சின்னப் பலகை. அதை நகர்த்தி, விழுகிற பந்தைத் தட்டி மேலே அனுப்பினால் செங்கல் உடையும். "உடைஞ்சிருச்சு பாரு! அந்த மூலக் கல்லு மட்டும் நிக்கிது, சனியன்!" என்று தனக்குத்தானே கத்தினார்.

"வீட்லயும் இப்படித்தான். குக்கர் கத்துனாலும் காதுல விழாது" என்றான் கார்த்திக்.

"நீ செஞ்சு குடுத்துட்டு என்னையச் சொல்லு."

சிறிது நேரத்தில் பெத்தாச்சியும் போனுக்குக் கை நீட்டினார். "இதுல அந்தப் பாம்பு இருக்கா? நான் மொதமொதல்ல வாங்குன போன்ல இருந்துச்சு" என்றார். இருந்தது. அவர் ஆடுவதை நான் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். பாம்பு ஒவ்வொரு புள்ளியாகத் தின்கிறது. தின்னத் தின்ன நீளுகிறது. நீள நீளத் திரும்ப இடம் இல்லாமல் போகிறது. கடைசியில் சுவரில் முட்டவில்லை. தன் உடம்பிலேயே முட்டிச் செத்தது.

"பாத்தீகளாண்ணே. தன் நீளந்தான் தனக்கு எமன்" என்றார் பெத்தாச்சி. சுற்றிலும் அடுக்கியிருந்த பாத்திரங்களுக்கு நடுவே எனக்குக் காலை நீட்ட இடம் இல்லாமல் இருந்தது.

வெளிச்சம் மெல்லக் குறைந்தது. இன்னொரு முறை பானையை அடித்தோம். மழைதான் பதில் சொன்னது.

"மாமாவும் ஒரு ஆட்டம் ஆடுங்களேன். ரெண்டு பேர் எதிரும் புதிருமா ஆடுறது. டேபிள் டென்னிஸ்" என்றான் கார்த்திக்.

"எனக்கு வேணாம்."

"பயப்படாதீகண்ணே, எல்லாரும் வேண்டியவுகதேன். தோத்தா வெளிய சொல்ல மாட்டோம்" என்றார் பெத்தாச்சி.

அந்தப் பேச்சுக்காகத்தான் உட்கார்ந்தேன். ஒரு அண்டாவைக் கவிழ்த்து, அதன் முதுகில் போனை வைத்தான் கார்த்திக். ஒரு முனை எனக்கு, மறுமுனை அவனுக்கு. விரலை வைத்துத் தேய்த்தால் மட்டை நகரும். முதலில் பந்து என்னைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. பிறகு பிடிபட்டது. கல்லூரி நாளில் பூப்பந்து ஆடியவன் நான். பந்து எங்கே வரும் என்பது கண்ணுக்குப் பழகியதுதான். அவனுடைய இடது மூலைக்குத் தள்ளினேன். அவன் தவறவிட்டான். மறுபடியும் அங்கேயே தள்ளினேன். மறுபடியும் தவறவிட்டான். எண்கள் என் பக்கம் ஏறின.

"அடேயப்பா! காரைக்குடி கை ஓங்குதே!" என்றார் பெத்தாச்சி.

நான் வென்றேன். மறைப்பானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. பூட்டிய அறையும் துருப்பிடித்த தாழும், பையனின் வேலையும்கூட அந்த நிமிடத்தில் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. "இன்னொண்ணு ஆடுவமா தம்பி?" என்று நானாகவே கேட்டேன்.

"நிறுத்துங்க" என்றாள் அக்ஷரா.

அதுவரை அவள் சுவரோரம் நின்று பானை, செம்புகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது கையில் ஒரு செம்போடு எங்கள் பக்கம் வந்து நின்றாள். அவள் பேசியது என்னிடம் அல்ல. கார்த்திக்கிடம்.

"எங்கப்பச்சிய ஏமாத்தாதீக. இடது மூலைக்கு வர்ற பந்த நீங்க விட்டதே இல்ல. ஒருக்காக்கூட விட்டதில்ல. பெரியவுகன்னு பிச்ச போடுறீகளா?"

கார்த்திக் தலையைக் குனிந்துகொண்டான். தேனம்மை ஆச்சி நெற்றியில் கை வைத்தார். சொல்லி முடித்த பிறகுதான் அக்ஷராவுக்கே தான் என்ன சொன்னோம் என்பது உறைத்திருக்க வேண்டும். செம்பைக் கீழே வைத்தாள்.

பெத்தாச்சிதான் முதலில் கேட்டார். "ஒருக்காக்கூடன்னா? எத்தன தடவ ஆடியிருக்க ஆத்தா?"

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"ஒரு வருசமா அப்பச்சி. அவுக கம்பெனி ஆட்டத்துல ஒரு தப்பு இருந்துச்சு. பந்து மட்டையோட ஓரத்துல பட்டா உள்ள புகுந்து போயிரும். கணக்கு எங்க தப்புதுன்னு எழுதிப் போட்டேன். இவுக பதில் போட்டாக. சரி பண்ணிட்டோம், ஆடிப் பாருங்கன்னாக. அவுக கோயம்புத்தூர்ல இருந்து, நான் இங்க இருந்து. அப்பறம் ஆடிக்கிட்டே பேசுனோம். நேர்ல இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"ஜாதகம் தானா வரல?" என்றேன்.

"இல்ல அப்பச்சி."

"எனக்குத் தெரியும்ணே. பையன் வந்து சொன்னான். நான்தான் முறையாப் போகட்டும்னு ஜாதகத்த அனுப்பினேன். அதுல என் தப்புத்தான்" என்றார் தேனம்மை ஆச்சி.

"அப்ப நான் என்னத்துக்கு?" பெத்தாச்சி எழுந்து நின்றார். நிற்கத்தான் முடிந்தது, போக இடம் இல்லை. "தலையாட்டிப் பொம்மையாட்டம் என்னைய முன்னால நடக்கவிட்டுக் கூட்டியாந்தீகளா? கதவு மட்டும் தொறந்திருந்தா இந்நேரம் கார்ல ஏறியிருப்பேன்." மூன்றடி நடந்து கதவுவரை போனார், திரும்பினார், வேறு வழியில்லாமல் அதே பலகையில் வந்து உட்கார்ந்தார்.

எனக்கும் அதே நிலைதான். வெளி முகப்பில் இதை யாராவது சொல்லியிருந்தால், நான் எழுந்து மேல்மாடிக்குப் போயிருப்பேன். உமையாள் ஏதாவது சொல்லி வந்தவர்களை அனுப்பியிருப்பாள். இங்கே என் மகளின் முகம் ஒரு முழம் தள்ளி இருந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ஒரு பந்த வச்சு ஒரு மனுசனத் தெரிஞ்சுக்கிட முடியுமா?" என்று கேட்டேன்.

"முழுசாத் தெரியாது. ஆனா தோத்தா என்ன செய்வாகன்னு தெரியும். கோவிச்சுக்கிட்டு நிறுத்த மாட்டாக. நான் ஜெயிச்சா, நல்லா ஆடுனீகன்னு சொல்லுவாக. எங்கிட்ட இதுவரைக்கும் பொய் ஆட்டம் ஆடுனதில்ல. இன்னைக்குத்தான் ஆடுனாக. அது எனக்குப் பொறுக்கல."

"பெரியவுகளாச்சேன்னு..." என்று கார்த்திக் தொடங்கினான்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள். அவன் சும்மா இருந்தான்.

தேனம்மை ஆச்சி நெருங்கி வந்து தணிந்த குரலில் பேசினார். "அண்ணே, நான் ஒண்ணு சொல்லவா? இங்குட்டு நடந்தது நம்ம அஞ்சு பேரோட போகட்டும். உமையா அண்ணிக்குக்கூடச் சொல்ல வேணாம். ஜாதகம் வந்துச்சு, பெரியவுக பாத்தீக, பொருந்துச்சு, முடிச்சீக. யாருக்குத் தெரியப்போவுது? ஒங்க சொல்லும் நிக்கும், பிள்ளைகளும் நல்லாருக்கும்."

பெத்தாச்சி ஒரு கசந்த சிரிப்புச் சிரித்தார். "நல்ல யோசனதேன். சொக்கலிங்கம் மகளுக்கு ஒண்ணு, நம்ம மகளுக்கு ஒண்ணு. அன்னைக்கு அந்தக் கூட்டத்துல நானும் உக்காந்திருந்தேண்ணே."

அந்த வார்த்தை தைத்தது. ஆனால் அன்று நான் சொன்னது தப்பு என்று எனக்கு அப்போதும் தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை. பெரியவர்களைக் கேட்டுச் செய்வதுதான் முறை. என்னைக் குழப்பியது வேறு. அக்ஷரா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். நான் வெற்றிக் களிப்பில் இருந்தேன். கதவு திறந்ததும் பணியாரம் சாப்பிட்டுவிட்டு, அன்று மாலையே வெற்றிலை மாற்றியிருப்பேன். அவள் விரும்பியது அவள் கைக்கு வந்திருக்கும். அதை அவளே தட்டிவிட்டாள். காரணம் ஒன்றுதான். தன் அப்பச்சி ஒருவன் போட்ட பிச்சையில் ஜெயித்துவிட்டுப் பெருமையாக உட்கார்ந்திருப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தன் கல்யாணம் போனாலும் பரவாயில்லை என்று நினைத்திருக்கிறாள். அல்லது நினைக்கக்கூட இல்லாமல் சொல்லிவிட்டாள். எப்படி ஆனாலும் இந்த வீட்டு மானத்தை அன்று காத்தவள் அவள்தான். நான் இல்லை.

தேனம்மை ஆச்சி சொன்ன வழி, கார்த்திக் இடது மூலையில் விட்ட பந்து போன்றது. எடுத்துக்கொண்டால் நான் ஜெயித்தவன். அக்ஷரா வாழ்நாள் முழுவதும் அதைத் தெரிந்துகொண்டே என் முகத்தைப் பார்ப்பாள்.

யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாத்திரங்களை இப்போது யாரும் பார்க்கவில்லை.

"பொண்ணக் குடுக்குறேன்" என்றேன். "ஆனா ஒளிச்சுக் குடுக்க மாட்டேன். பிள்ளைக தானாப் பேசிக்கிட்டாக, பெரியவுக நாங்க சம்மதிச்சோம்னு நானே சொல்லுவேன். பங்காளிக கூடுற எடத்துல எந்திரிச்சு நின்டு சொல்லுவேன். மொதத் தாம்பூலம் சொக்கலிங்கம் வீட்டுக்கு. ஆள் விட்டு அனுப்ப மாட்டேன். நானே கொண்டு போவேன்."

"அவுக கதவத் தொறக்காட்டி?" என்றார் பெத்தாச்சி.

"தொறக்குற வரைக்கும் வாசல்ல நிப்பேன்."

பெத்தாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "அப்ப என்னையும் கூட்டிக்கங்க. ஒத்தையா நின்டா கால் வலிக்கும்" என்றார். அதுதான் அவர் தந்த சம்மதம்.

அக்ஷரா போய்ச் செம்பை எடுத்து, முந்தானையால் துடைத்து அடுக்கில் வைத்தாள். துடைத்ததையே திரும்பவும் துடைத்தாள்.

நான் அண்டாவின் முன்னால் உட்கார்ந்தேன். "தம்பி, இங்குட்டு வாங்க. இப்ப ஆடுங்க. விடாம ஆடணும்."

"மாமா..."

"விட்டீகன்னா இவ சொல்லிருவா."

ஆடினான். அவன் விரல் போன மாதிரியும் தெரியவில்லை, வந்த மாதிரியும் தெரியவில்லை. இடது மூலைக்கு நான் தள்ளிய பந்து எல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பி வந்தது. என் மட்டை ஒரு பக்கம் இருந்தால் பந்து மறுபக்கம் போனது. என் பக்கத்து எண் கடைசி வரை சுழியமாகவே இருந்தது.

"மாமனாராகப்போறவரு. ஒரு பாயிண்டாச்சும் குடுத்திருக்கப்படாதாடா?" என்றார் பெத்தாச்சி.

"குடுத்தா எதிர்க்கட்சி சும்மா விடாது பெரியப்பச்சி" என்றான் கார்த்திக். அன்று அவன் முதல் தடவையாக அக்ஷரா நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தான்.

தேனம்மை ஆச்சி சிரித்தார். அக்ஷராவும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்கு நடுவேதான் கதவு தட்டப்பட்டது.

பணியாரம் ஆறிப்போய், காப்பியும் ஏடு கட்டிப்போய், இனிமேலும் பொறுக்க முடியாது என்று உமையாள் என் உத்தரவை மீறித் தட்டியிருக்கிறாள். "இன்னும் எதத் தட்டிக் காமிக்கிறீக?" என்றாள் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து. மழை ஓய்ந்திருந்ததால் குரல் கேட்டது; விஷயம் சொன்னோம். இருளாண்டி கடப்பாரையைக் கொண்டுவந்து, இரட்டைக் கதவில் ஒன்றை அடியோடு நெம்பி, அது சுழலும் கட்டையில் இருந்து தூக்கினார். முற்றத்து ஈரக் காற்று முகத்தில் அடித்தது. வெளியே வந்ததும் தேனம்மை ஆச்சி கேட்டது தண்ணீர். பெத்தாச்சி கேட்டதும் தண்ணீர்தான். நான் முகப்புக்குப் போய், நின்றபடியே உமையாளிடம் நடந்ததை முதலில் இருந்து கடைசி வரை சொன்னேன். எதையும் விடவில்லை.

அடுத்த வாரம் நானும் பெத்தாச்சியும் சொக்கலிங்கம் வீட்டுக்குப் போனோம். அவர் கதவைத் திறந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு தாம்பூலத்தை வாசலில் நின்றபடியே வாங்கிக்கொண்டு, "மகளுக்குச் சொல்லுறேன்" என்றார். அவ்வளவுதான். பங்காளிகள் கூடிய இடத்திலும் எழுந்து சொன்னேன். சிலர் தலையாட்டினார்கள். சிலர் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். பார்த்துக்கொள்ளட்டும். தை மாதம் கல்யாணம் நடந்தது. சொக்கலிங்கத்தின் மகள் தன் புருஷனோடு வந்து, இரண்டாம் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் போனாள். என்னிடம் பேசவில்லை. வந்தாள், அது போதும்.

காரைக்குடியில் இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. மெய்யநாதன் பெட்டக அறைக்குள் மாட்டிக்கொண்டு, போன் விளையாட்டில் மகளைப் பந்தயம் வைத்துத் தோற்று, வேறு வழியில்லாமல் பெண்ணைக் கொடுத்தார் என்று சொல்கிறார்கள். அது பொய். பந்தயம் என்று எதுவும் இல்லை. நான் தோற்றது உண்மை. ஆனால் சம்மதம் சொன்ன பிறகுதான் தோற்றேன்.